நெடுநாள் நின்றுபோன முதல் காரை மறுபடி ஓட்டுவதற்கு முன்

முதல் காரை விற்க மனம் வராமல் உறை போட்டு ஓரமாக நிறுத்திவைத்தவர்களுக்கு, அதை இன்னொரு முறை ஓட்டிப் பார்க்கும் ஆசை என்றாவது ஒரு நாள் வரும். வந்ததும் கை போவது சாவிக்குத்தான். நின்றுபோன காரைப் பாழாக்குவதும் பெரும்பாலும் அந்த ஒரு திருப்புதான். சிலிண்டர் சுவரிலிருந்த ஆயில் முழுக்க வடிந்து, பிஸ்டன் ரிங் துருவில் ஒட்டியிருக்கலாம். டேங்கில் இருப்பது பெட்ரோலாகவே இருக்காது. இந்த நிலையில் செல்ஃப் அடித்தால், கொஞ்சம் செலவில் முடிய வேண்டிய வேலை என்ஜினை இறக்கிப் பிரிப்பதில் போய் முடியும்.

கீழே உள்ளவை ஓராண்டுக்கு மேல் ஓடாமல் நின்ற பெட்ரோல் காருக்கானவை. டீசலுக்கு மாறுபடும் இடங்களை ஆங்காங்கே சொல்லியிருக்கிறோம்.

வேலையைத் தொடங்குமுன் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். நினைவுக்காக வைத்திருக்கும் காரில் ரப்பருக்கும் திரவத்துக்கும் இரக்கம் காட்டக் கூடாது. ஹோஸ், பெல்ட், டயர், பிரேக் ஆயில், கூலன்ட் எல்லாம் வயதாகிக் கெடுபவை. பார்க்க நன்றாக இருந்தாலும் போய்விட்டவைதான். கண்ணும் கையும் படும் இடங்கள் வேறு வகை. தேய்ந்த ஸ்டீயரிங், வழவழத்த கியர் குமிழ், வெளுத்த இருக்கைத் துணி, கண்ணாடியில் ஒட்டிய பழைய ஸ்டிக்கர் ஆகியவற்றை மாற்றினால் அது வேறு கார் ஆகிவிடும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: புதுப் பெயின்ட், புது சீட் கவர், அடியில் பதினைந்து வருடப் பழைய பிரேக் ஹோஸ்.

முதல் பார்வை

உறையை எடுத்ததும் எதையும் கழற்றாமல் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். பானெட்டுக்குள் வயர், வேக்யூம் குழாய் போகும் வழிகளைத் தனித்தனியாக நெருக்கமாக எடுங்கள். கழற்றிய குழாய் எந்த முனையில் இருந்தது என்ற குழப்பம் கண்டிப்பாக வரும். கழற்றும் போல்ட்டுகளைச் சிறு பைகளில் போட்டு மேலே எழுதி வையுங்கள்.

அடுத்து எலி. ஏர் ஃபில்டர் பெட்டி, ஹீட்டர் காற்றுக்குழாய், இருக்கை அடி, சைலன்சர் வாய் ஆகிய நான்கும் அது கூடு கட்டும் இடங்கள். கூட்டைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். எலிக் கழிவின் தூசியை மூச்சில் இழுப்பது நோய் தரும். முகக்கவசமும் கையுறையும் அணிந்து, பிளீச்சிங் கரைசல் தெளித்து நனைத்த பிறகு அள்ளுங்கள். வயர் கடிபட்டிருந்தால் பேட்டரியை இணைக்கும் முன்பே சரிசெய்ய வேண்டும். இணைத்த பிறகு தெரிந்தால் புகையாகத்தான் தெரியும்.

பேட்டரி

நெகட்டிவ் முனையை முதலில் கழற்றுங்கள். மாட்டும்போது அது கடைசி. 12 வோல்ட் பேட்டரி முழுச் சார்ஜில் 12.6 வோல்ட் காட்டும். 12.0 என்றால் கிட்டத்தட்டக் காலி. 10.5 அளவில் நின்று, சார்ஜ் போட்டும் ஏறாவிட்டால் ஒரு செல் செத்திருக்க வாய்ப்பு அதிகம். அதோடு மல்லுக்கட்ட வேண்டாம், புதிது வாங்குங்கள். சார்ஜ் போடுவதானால் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டம் போதும்: 40 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 4 ஆம்பியர். காற்றோட்டமான இடத்தில், கிளிப்புகளை மாட்டிய பிறகே சார்ஜரைப் போடுங்கள். சார்ஜ் ஏறும்போது வரும் ஹைட்ரஜனுக்கு ஒரு பொறி போதும்.

வருடக்கணக்கில் செத்துக் கிடந்த பேட்டரியை அடுத்த காரிலிருந்து ஜம்ப் கொடுத்து எழுப்பி, "ஓட ஓட ஏறிவிடும்" என்று விடுவது, என்ஜின் ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரை வதைப்பது. அது பேட்டரியைப் பராமரிப்பதற்காகச் செய்யப்பட்டது. காலி பேட்டரியை மணிக்கணக்கில் நிரப்புவதற்காக அல்ல.

பெட்ரோலும் அது போகும் பாதையும்

பெட்ரோல் மூன்று முதல் ஆறு மாதத்தில் கெடத் தொடங்குகிறது. எளிதில் தீப்பற்றும் பகுதி ஆவியாகிவிடும். மிச்சம் காற்றோடு சேர்ந்து பிசினாகும். எத்தனால் கலந்ததாக இருந்தால் அது ஈரத்தை உறிஞ்சி, ஓர் அளவைத் தாண்டியதும் நீரும் எத்தனாலும் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். பம்ப் உறிஞ்சுவது அந்த அடியிலிருந்துதான். வார்னிஷ் வாடை வந்தாலோ நிறம் கருத்திருந்தாலோ புதுப் பெட்ரோலைக் கலந்து ஒப்பேற்ற வேண்டாம், முழுவதும் இறக்குங்கள். இறக்கியதைச் சாக்கடையில் ஊற்றாமல், கழிவு எண்ணெய் வாங்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள்.

இறக்கிய பின் டேங்குக்குள் வெளிச்சம் அடித்துப் பாருங்கள். துரு செதில் செதிலாக இருந்தால் டேங்கைக் கழற்றிச் சுத்தம் செய்யாமல் மேலே போவதில் பயனில்லை. புது ஃபில்டர் விரைவில் அடைத்துக்கொள்ளும்.

ரப்பர் ஃப்யூல் ஹோஸ்களை விரலால் மடக்கிப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தாலும், கல்லாக இறுகியிருந்தாலும், பஞ்சாக ஊதியிருந்தாலும் மாற்ற வேண்டும். ஒன்று போயிருந்தால் எல்லாவற்றையும் மாற்றுங்கள், அவை ஒரே வயது. பழைய கார் எரிந்துபோவதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று, சூடான என்ஜின் மேல் சொட்டும் இந்தக் குழாய்தான். இஞ்செக்‌ஷன் காரில் (பெட்ரோலைப் பம்ப் அழுத்திப் பீய்ச்சும் வகை) அழுத்தம் பொதுவாக 3 பார் அளவில் இருக்கும். கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் பழைய வகைக் கருவி) உள்ள காருக்கான ஹோஸை அதில் மாட்டினால் பிய்த்துக்கொண்டு போகும். இஞ்செக்‌ஷனுக்கென்றே விற்கும் ஹோஸும் கிளாம்பும் வாங்குங்கள்.

கார்புரேட்டர் என்றால் அதில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் அறையைத் திறந்தாக வேண்டும். அடியில் பச்சையாகவோ பழுப்பாகவோ பிசின் படிந்து, பெட்ரோலை அளந்துவிடும் துளையான மெயின் ஜெட் அடைத்திருக்கும். கார்ப் கிளீனரும் காற்றும் போதும். ஜெட்டுக்குள் கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகி, அதற்குப் பின் பெட்ரோல் அளவுக்கு மேல் போகும். அந்த அறைக்கு வரும் பெட்ரோலை மூடும் நீடில் வால்வு ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். மூடாவிட்டால் பெட்ரோல் வழிந்து என்ஜின் ஆயிலில் கலக்கும். டீசல் காரில் டேங்கின் அடியில் தங்கிய நீரில் கிருமி வளர்ந்து கரிய சேறாகியிருக்கும். அதை நீக்கி, ஃபில்டரை மாற்றி, கைப்பம்பால் ஏர் எடுக்க (குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்ற) வேண்டும்.

என்ஜினைக் கையால் சுற்றுதல்

டிப் ஸ்டிக்கைப் பாருங்கள். ஆயில் பால் கலந்தாற்போல் இருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. காரணம் தெரியும்வரை நிறுத்துங்கள். நன்றாக இருந்தால் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் 5 முதல் 10 மி.லி. என்ஜின் ஆயில் விட்டு ஓர் இரவு ஊற விடுங்கள். மறுநாள் கியரை நியூட்ரலில் வைத்து, பெல்ட் ஓடும் அடிச் சக்கரமான கிராங்க் புல்லியின் போல்ட்டில் நீண்ட ஸ்பேனர் போட்டு, என்ஜின் சுற்றும் திசையிலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் போல்ட் தளரும், டைமிங் (வால்வும் பிஸ்டனும் ஒத்து இயங்கும் வரிசை) தாண்டவும் கூடும்.

அசையவில்லை என்றால் பலம் காட்ட வேண்டாம். ஊடுருவும் எண்ணெயை விட்டு, தினம் ஒருமுறை மெதுவாக முயன்று பாருங்கள். சில என்ஜின்கள் ஒரு வாரம் கழித்துத்தான் இளகும். செல்ஃப் மோட்டாரால் ஜாம் உடைக்கப் பார்த்தால் ரிங்கோ செல்ஃபின் பல்லோ உடையும்.

இதே கட்டத்தில் டைமிங் பெல்ட்டையும் பார்த்துவிடுங்கள். செயின் உள்ள என்ஜின் என்றால் கவலை குறைவு. ரப்பர் பெல்ட் என்றால், ஓடிய தூரம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஐந்தாறு வருடம் தாண்டியதை நம்பாதீர்கள். பல என்ஜின்களில் பெல்ட் அறுந்த நொடியே வால்வு பிஸ்டனில் இடித்து வளைந்துவிடும். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் சேர்த்து மாற்றுங்கள். அந்த பெல்ட்டே சுற்றும் வாட்டர் பம்ப் என்றால் அதையும். மறுபடி அதே இடத்தைப் பிரிக்கும் கூலிக்கு இது மலிவு.

கையால் சுற்றுகிறது என்றால், பிளக் மாட்டாமலேயே செல்ஃப் அடிக்க வேண்டும். அதற்கு முன் ஃப்யூல் பம்ப் ஃப்யூஸை எடுத்து, இக்னிஷன் காயிலின் இணைப்பையும் பிடுங்கிவிடுங்கள். பிளக் துளைகளின் மேல் துணி போடுங்கள், உள்ளே விட்ட ஆயில் பீய்ச்சி வரும். பத்து நொடி அடித்து அரை நிமிடம் விடுங்கள். இப்படி ஆயில் பிரஷர் விளக்கு அணையும்வரை. சுமையில்லாமல் சுற்றும்போதே பேரிங்குகளுக்கு ஆயில் போய்ச் சேர்வதுதான் இதன் பயன். டீசலில் குளோ பிளக் (ஸ்டார்ட்டுக்கு முன் சூடேற்றும் பிளக்) துளை வழியே இதைச் செய்யலாம். ஆயிலை இன்னும் குறைவாக விட்டு, முழுக்க வெளியே தள்ளிய பிறகே பிளக்கை மாட்டுங்கள். மிஞ்சி நின்றால் பிஸ்டன் திரவத்தில் முட்டி கனெக்டிங் ராட் வளையும்.

பிரேக்

என்ஜின் ஓடுகிறதா என்பதைவிடக் கார் நிற்கிறதா என்பதுதான் பெரிய கேள்வி. இந்த வேலையில் பழக்கமில்லை என்றால் மெக்கானிக் கையில் கொடுங்கள். இதில் கத்துக்குட்டித்தனம் கூடாது.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். ஈரம் ஏறியதும் அந்த வரம்பு 155 வரை இறங்குகிறது. இறக்கத்தில் தொடர்ந்து மிதித்தால் உள்ளே குமிழி உண்டாகி, பெடல் தரை வரை போகும். அதே ஈரம், சக்கரங்களில் பிரேக்கை அழுத்தும் வீல் சிலிண்டரையும் காலிப்பர் பிஸ்டனையும் துருப்பிடிக்க வைக்கிறது. ஆகவே பழைய பிரேக் ஆயிலை முழுவதும் வெளியேற்றுவது கட்டாயம்.

காரை ஜாக்கியில் மட்டும் விடாமல் ஸ்டாண்டில் நிறுத்தி, நான்கு சக்கரங்களையும் கழற்றுங்கள். டிரம் ஒட்டிக்கொண்டிருந்தால் சுற்றிலும் சுத்தியலால் தட்டி இளக்குங்கள். உள்ளே இருக்கும் தூசியை ஊதக் கூடாது. டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். பிரேக் கிளீனரால் நனைத்துத் துடையுங்கள். வீல் சிலிண்டரின் ரப்பர் உறையைத் தூக்கிப் பார்த்து ஈரம் கண்டால் மாற்றிவிடுங்கள். ரப்பர் பிரேக் ஹோஸ்களைக் கேள்வியின்றி மாற்றுங்கள். அவை வெளியே ஒழுங்காக இருந்து உள்ளே ஊதி அடைத்துக்கொள்ளும். மிதித்தால் அழுத்தம் போகும், காலை எடுத்தால் திரும்பாது, சக்கரம் பிடித்தபடியே சூடேறும்.

பெடல் அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தொலைவான சக்கரத்தில் தொடங்கி நெருங்கியபடி ஏர் எடுப்பது வழக்கம். பெடலை மிதிப்பவருக்கு ஒரு கட்டுப்பாடு: தரை வரை மிதிக்கக் கூடாது. அன்றாட ஓட்டத்தில் சீல் போகாத அந்தக் கடைசிப் பகுதியில் துரு இருக்கும். ஒருமுறை அதில் உரசினால் சீல் கிழிந்து மாஸ்டர் சிலிண்டர் போய்விடும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துவிட்டால் கவலையில்லை. ஏர் எடுத்த பிறகும் பெடல் பஞ்சாக இருந்தால் இன்னும் காற்று இருக்கிறது. கெட்டியாக இருந்து மெல்ல மெல்ல அமுங்கினால் சீல் கசிகிறது.

டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம்: 2314 என்றால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். மூன்றே இலக்கம் இருந்தால் அது 2000-க்கு முந்தியது. பத்து வருடம் தாண்டியிருந்தால் பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் வேண்டாம்.

முதல் முறை உயிர் கொடுக்கும்போது

கூலன்ட்டை இறக்கி, காய்ச்சி வடித்த நீரோடு பாதிக்குப் பாதி கலந்து புதிதாக ஊற்றுங்கள். ஹீட்டர் குமிழ் சூட்டுப் பக்கம் இருக்கட்டும், இல்லையேல் உள்ளே காற்று தங்கும். புதுப் பெட்ரோல் ஐந்து லிட்டர் போதும். பிளக்குகளை மாட்டி, எடுத்த ஃப்யூஸையும் பிடுங்கிய காயில் இணைப்பையும் திரும்பப் போடுங்கள். பிளக் இடைவெளி (தீப்பொறி தாண்டும் இடம்) கையேட்டில் உள்ளபடி; பழைய கார்களில் 0.7 முதல் 0.8 மி.மீ. வரை இருப்பது வழக்கம்.

காரைத் திறந்த வெளிக்குத் தள்ளிக்கொண்டு வாருங்கள். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, ஒருவர் உள்ளே, ஒருவர் என்ஜின் பக்கம். ஃப்யூல் அழுத்தம் வந்ததும் குழாய் இணைப்புகளில் ஈரம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே செல்ஃப் அடியுங்கள். பிடித்ததும் நீலப் புகை மண்டும். ஊற்றிய ஆயில் எரிகிறது, சில நிமிடத்தில் அடங்கிவிடும். ஆயில் விளக்கு ஐந்து நொடியில் அணையாவிட்டால் உடனே நிறுத்துங்கள். ஆக்சிலரேட்டரை மிதித்து உறும விடாதீர்கள். அதைக் கேட்கத்தான் இத்தனை பாடு என்றாலும், இன்று வேண்டாம்.

ரேடியேட்டர் மேல் ஹோஸ் சூடாகி, விசிறி ஒருமுறை ஓடி நிற்கும்வரை விடுங்கள். மேல் ஹோஸ் குளிர்ந்தே இருக்க, வெப்பமானி மட்டும் ஏறினால் கூலன்ட்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட் மூடியபடி இறுகியிருக்கிறது. பேட்டரி முனையில் 13.8 முதல் 14.4 வோல்ட் இருந்தால் ஆல்டர்னேட்டர் சரி. என்ஜினை நிறுத்தி, ஆயில் சூடாக இருக்கும்போதே இறக்கி ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். 500 கிலோமீட்டரில் இன்னொரு முறை.

கியர் விழாமல் கரகரத்தால் கிளட்ச் தட்டு ஃப்ளைவீலில் துருவால் ஒட்டியிருக்கலாம். பெடலை அமுக்கிய நிலையில் ஒரு மரக்கட்டையால் முட்டுக்கொடுத்து இரவு முழுக்க விட்டால் பல சமயம் விடுபடும்.

முதல் ஓட்டம் ஆளில்லாத இடத்தில், மணிக்கு 10 கிலோமீட்டரில், பத்துமுறை பிரேக் பிடித்து. பிறகு சக்கர நடுப்பகுதிகளின் அருகே கை கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அங்கே பிரேக் விடவில்லை. சாலைக்குப் போகுமுன் பதிவும் காப்பீடும் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்க்க மறக்க வேண்டாம்.

மறுபடி நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் போடாதீர்கள், ஷூ ஒட்டிக்கொள்ளும். முதல் கியரும் சக்கரத்துக்கு முட்டுக்கட்டையும் போதும். வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடவிடுவது நன்மையைவிடக் கெடுதல் செய்யும்: என்ஜின் முழுச் சூடு ஏறாததால் நீராவி ஆயிலிலும் சைலன்சரிலும் தங்கித் துருவாக்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் சாலையில் ஓட்டுங்கள். அது முடியாதென்றால் டேங்கை நிரப்பி, பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, டயரில் வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாகக் காற்று வைத்து, சைலன்சர் வாயில் கம்பி வலை கட்டி, அதைக் கழற்ற வேண்டும் என்று ஒரு சீட்டு எழுதி ஸ்டீயரிங்கில் ஒட்டிவிடுங்கள்.