வேலை செய்யும் வயதினரின் வாழ்க்கைத் தரம்: அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓர் ஆய்வேட்டின் கடைசிப் பக்கத்தில் "நூற்பாலைத் தொழிலாளர்களின் உடல்நலம் சார்ந்த வாழ்க்கைத் தரம் சராசரியாக 68" என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். எந்தப் படிவத்தில் 68? எந்த நாட்களைப் பற்றிக் கேட்டது? யார் கேட்டார்கள், எங்கே வைத்து? அன்று லீவில் இருந்தவர்கள் கணக்கில் உண்டா? இவற்றுக்குப் பதில் இல்லாவிட்டால் 68 என்பது வெறும் எண். இந்த வகை ஆய்வுகளில் பெரும்பாலான தவறுகள் எக்செல் ஷீட்டைத் திறப்பதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகின்றன. புள்ளியியல் நிபுணரிடம் ஓடும்போது அவரால் செய்ய முடிவது கொஞ்சம்தான்.

படிவத்தைத் தேர்ந்தெடுப்பதிலேயே முதல் சறுக்கல். சீனியர் பயன்படுத்தினார், அதனால் நானும் என்று எடுத்துக்கொள்கிறோம். நம் ஊரில் அதிகம் புழங்குபவை மூன்று. இ.க்யூ-5டி ஐந்தே விஷயங்களைக் கேட்கும்: நடமாட்டம், தன்னைத் தானே கவனித்துக்கொள்வது, வழக்கமான செயல்கள், வலி அல்லது அசௌகரியம், பதற்றம் அல்லது மனச்சோர்வு. அதுவும் 'இன்று' எப்படி என்று மட்டும். எஸ்.எஃப்-36 கடந்த நான்கு வாரங்களைப் பற்றி 36 கேள்விகள் கேட்டு, எட்டுப் பிரிவுகளாக மதிப்பெண் தரும். உலக சுகாதார நிறுவனத்தின் பிரெஃப் படிவத்தில் 26 கேள்விகள். கடந்த இரண்டு வாரங்களைக் கேட்கும். உடல், மனம், சமூக உறவு, சுற்றுச்சூழல் என்று நான்கு பிரிவு. (இதன் மூலப் படிவத்தை உருவாக்கிய மையங்களில் சென்னையும் ஒன்று.)

பிரெஃப் நல்ல படிவம். ஆனால் அதன் சுற்றுச்சூழல் பிரிவு கையில் இருக்கும் பணம், வீடு, போக்குவரத்து, பாதுகாப்பு எல்லாவற்றையும் கேட்கிறது. ஒரு கட்டடத் தொழிலாளியின் மதிப்பெண் அங்கே குறைந்தால், காரணம் முதுகுவலியா அல்லது ஊருக்கு பஸ் வராததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. மொத்த வாழ்க்கையையும் அளப்பது உங்கள் நோக்கம் என்றால் சரி. உடல்நலத்தின் தாக்கத்தை மட்டும் அளக்கிறேன் என்று தலைப்பில் போட்டுவிட்டு இதை எடுத்தால் தலைப்பும் கருவியும் ஒட்டாது.

எதிர்ப்பக்கத் தவறு இ.க்யூ-5டி-யில் நடக்கிறது. இளைய ஊழியர்கள் நிறைந்த ஓர் ஐ.டி. அலுவலகத்தில் இதைக் கொடுத்தால், பெரும் பகுதியினர் ஐந்து கேள்விக்கும் 'பிரச்சினை இல்லை' என்று டிக் அடித்துவிட்டுப் போவார்கள். எல்லாரும் நலம் என்று ரிப்போர்ட் போய்விடும். ஆனால் அந்தப் படிவம் தூக்கத்தைப் பற்றிக் கேட்பதே இல்லை. அசதியைப் பற்றியும் கேட்பதில்லை. நைட் ஷிஃப்ட் பார்ப்பவருக்கு முக்கியத் தொல்லையே அந்த இரண்டும்தான். ஐந்து நிலைகள் கொண்ட 5எல் வடிவம், பழைய மூன்று நிலை 3எல் வடிவத்தைவிட நுணுக்கமானது. 243 உடல்நிலைகளுக்குப் பதில் 3,125 உடல்நிலைகளைப் பிரித்துக் காட்டும். இருந்தும் அது கேட்காத கேள்விக்குப் பதில் வராது. அசதிதான் உங்கள் சந்தேகம் என்றால், உற்சாகத்தையும் சோர்வையும் தனிப் பிரிவாக அளக்கும் எஸ்.எஃப்-36 பக்கம் போவது நல்லது.

எஸ்.எஃப்-36-க்கும் ஒரு வேடிக்கை உண்டு. மிதமான உடலுழைப்புக்கு அதன் அமெரிக்க மூலத்தில் வரும் உதாரணங்கள்: மேசையை நகர்த்துவது, வேக்குவம் கிளீனர் தள்ளுவது, பௌலிங், கோல்ஃப். இதை அப்படியே பீடி சுற்றும் அம்மாவிடம் வாசித்தால் அவர் என்ன சொல்வார்? ஊருக்குப் பொருந்தும்படி முறையாகச் சரிபார்த்த தமிழ் வடிவத்தைக் கேட்டு வாங்குங்கள். வீட்டில் உட்கார்ந்து நாமே மொழிபெயர்த்துக்கொண்டால் அது வேறு ஒரு படிவம்; பழைய மதிப்பெண்களோடு ஒப்பிட முடியாது. அனுமதி வாங்குவதும் இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிட வேண்டும்.

அடுத்தது, யாரை எண்ணுகிறோம் என்பது. என்னைப் பொறுத்தவரை இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான். அதிகம் பேசப்படாததும் இதுதான். ஆலை கேட்டில் நின்று, அன்று வேலைக்கு வந்தவர்களிடம் படிவம் கொடுக்கிறோம். இடுப்பு விட்டுப்போனவர் ஆறு மாதம் முன்பே வேலையை விட்டு ஊருக்குப் போயிருப்பார். மூச்சுத்திணறல் வந்தவர் லீவில் இருப்பார். மிச்சம் இருப்பவர்கள் தாக்குப்பிடித்தவர்கள். அவர்களுடைய மதிப்பெண்ணைப் பொது மக்களின் மதிப்பெண்ணோடு ஒப்பிட்டால் ஆலை வேலை உடம்புக்கு நல்லது என்றுகூட முடிவு வரும்! தொழில்சார் மருத்துவத்தில் 'ஆரோக்கியத் தொழிலாளர் விளைவு' என்று இதற்குப் பெயரே உண்டு. தப்பிக்க வழி இருக்கிறது. வருகைப் பதிவேட்டிலிருந்து இல்லாமல் சம்பளப் பட்டியலிலிருந்து பெயர்களை எடுங்கள். நீண்ட லீவில் இருப்பவர்களுக்கு போன் போடுங்கள். கடந்த ஒரு வருடத்தில் விலகியவர்களில் சிலரையாவது தேடிப் பிடியுங்கள். மூன்று ஷிஃப்டிலும் ஆள் எடுங்கள். இதற்கெல்லாம் வழி இல்லையென்றால், 'இன்னும் வேலையில் இருப்பவர்கள்' என்று தலைப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

வேலை செய்யும் வயது என்றால் சம்பளம் வாங்குபவர்கள் மட்டுமல்ல. சர்வதேசக் கணக்குகள் பெரும்பாலும் 15 முதல் 64 வயது வரை எடுத்துக்கொள்கின்றன. அதற்குள் வேலை தேடுபவர், படிப்பவர், வீட்டைப் பார்த்துக்கொள்பவர் எல்லாரும் அடக்கம். இ.க்யூ-5டி-யின் 'வழக்கமான செயல்கள்' கேள்வி, வேலையோடு படிப்பு, வீட்டு வேலை, குடும்பம், ஓய்வு நேரம் ஆகியவற்றையும் சேர்த்தே கேட்கிறது. ஆனால் களப்பணியாளர் அவசரத்தில் "வேலைல ஏதாவது கஷ்டம் இருக்காக்கா?" என்று சுருக்கிக் கேட்பார். "நான் எங்கப்பா வேலைக்குப் போறேன்" என்பார் அந்த அக்கா. பிரச்சினை இல்லை என்று டிக் விழும். அவர் குடம் தூக்க முடியாமல் மகளை அனுப்புவது பதிவாகாது. கேள்வியை முழுசாக வாசிக்க வேண்டும் என்று பயிற்சியில் சொன்னால் மட்டும் போதாது, களத்தில் பக்கத்தில் நின்று பார்க்கவும் வேண்டும்.

பக்கத்தில் நிற்பது நீங்களாக இருக்கட்டும், சூப்பர்வைசராக அல்ல. ஊழியர் எண் போட்ட படிவத்தை எச்.ஆர். வசூலித்தால், பதற்றம், மனச்சோர்வு பற்றிய கேள்விக்கு யார் உள்ளதைச் சொல்வார்கள்? பாதிப் பேர் தாங்களே நிரப்பி, மீதிப் பேரிடம் வாய்மொழியாகக் கேட்டிருந்தால் அதையும் குறித்துவைத்துத் தனித்தனியாகப் பாருங்கள். முகத்துக்கு நேரே கேட்டால் ஆட்கள் தங்கள் நிலையைக் கொஞ்சம் நல்லபடியாகச் சொல்லும் போக்கு உண்டு. கணவருக்காக மனைவி பதில் சொல்வது இன்னொரு தொல்லை. வலியும் மனச்சோர்வும் அடுத்தவர் பார்வையில் வேறாகத்தான் தெரியும்.

கேட்கும் நாளும் மதிப்பெண்ணை மாற்றும். சிவகாசியில் தீபாவளிக்கு முந்தைய மாதமும் தீபாவளி முடிந்த மாதமும் ஒன்றல்ல. சிகிச்சைக்கு முன் ஒரு பருவத்திலும் பின் இன்னொரு பருவத்திலும் அளந்துவிட்டு, வித்தியாசம் முழுவதையும் சிகிச்சைக்குக் கொடுக்கக் கூடாது.

அப்புறம், நிரப்பாமல் விடும் கேள்விகள். பிரெஃப் படிவத்தின் 21-வது கேள்வி பாலியல் வாழ்க்கை பற்றியது. கேட்பவருக்கும் கூச்சம், பதில் சொல்பவருக்கும் கூச்சம். கல்யாணம் ஆகாதவர் என்றால் கேட்காமலே தாண்டிவிடுகிறார்கள். சமூக உறவுப் பிரிவில் மொத்தமே மூன்று கேள்விகள்தான், அதில் இது ஒன்று. ஒரு கேள்வி விட்டுப்போனால் மீதி இரண்டை வைத்துக் கணக்கிடலாம். இரண்டு விட்டுப்போனால் அந்தப் பிரிவையே கணக்கிடக் கூடாது என்பது விதி. வெற்றிடத்தை விடவும் மோசம், களப்பணியாளர் தானாகவே நடுவில் இருக்கும் 3-ஐப் போட்டுவிடுவது. வெற்றிடமாவது கண்ணுக்குத் தெரியும். இந்த ஒரு கேள்வியை மட்டும் தனித்தாளில் கொடுத்து, மடித்து உறையில் போடச் சொல்லலாம்.

மதிப்பெண் போடும்போது வருகிற தவறுகள் இன்னும் எளிமையானவை, ஆனால் முடிவையே தலைகீழாக்கும். பிரெஃப்பில் 3, 4, 26-வது கேள்விகளின் மதிப்பெண்ணைத் திருப்பிப் போட வேண்டும், அதாவது 1-ஐ 5 ஆகவும் 5-ஐ 1 ஆகவும். எஸ்.எஃப்-36-இல் வலிப் பிரிவில் 100 என்றால் வலியே இல்லை என்று அர்த்தம். "வலி அதிகம், 82" என்று எழுதிவிடாதீர்கள். எட்டுப் பிரிவுகளையும் கூட்டி ஒரே எண்ணாக்கும் வழக்கமும் இருக்கிறது. அப்படி ஒரு மொத்த மதிப்பெண்ணை அந்தப் படிவம் தரவில்லை. அது தருவது உடல், மனம் என்று இரண்டு சுருக்க மதிப்பெண்கள். அவற்றிலும் ஒரு சூட்சுமம் உண்டு: உடல் சுருக்கத்தைக் கணக்கிடும்போது மனநலப் பிரிவுகளுக்கு எதிர்மறை எடை போகிறது. அதனால் மனம் மிகவும் நொந்துபோன ஒருவருக்கு உடல் மதிப்பெண் உள்ளதைவிடக் கூடுதலாக வரலாம். எட்டுப் பிரிவுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் சுருக்கத்தை நம்பக் கூடாது.

இ.க்யூ-5டி-யில் 21231 என்று வருவது எண்ணல்ல, ஐந்து பதில்களின் குறியீடு. அதற்குச் சராசரி எடுக்க முடியாது. மதிப்பீட்டு அட்டவணை வழியாக அதை ஒற்றை மதிப்பாக மாற்ற வேண்டும் (1 என்றால் முழு நலம், 0 என்றால் இறப்புக்குச் சமம்), அட்டவணையோ நாட்டுக்கு நாடு வேறு. பிரிட்டனின் பழைய 3எல் அட்டவணையில் மிக மோசமான நிலைக்கு −0.594, 2022-இல் வெளியான இந்தியாவின் 5எல் அட்டவணையில் −0.923. சொந்த அட்டவணை வந்த பிறகும் வெளிநாட்டு அட்டவணையைப் போடுவதற்கு நல்ல காரணம் வேண்டும். கழித்தல் குறியைப் பார்த்துத் தட்டச்சுப் பிழை என்று அழித்துவிடாதீர்கள். இறப்பைவிட மோசம் என்று மக்கள் மதிப்பிட்ட நிலை அது. அதேபோல இந்தப் படிவத்தோடு வரும், தன் உடல்நலத்தைத் தானே குறிக்கும் 0 முதல் 100 வரையிலான அளவுகோலில் ஒருவர் 75 என்று குறித்தால் அது 0.75 ஆகிவிடாது.

பெரிய மாதிரியில் இரண்டு புள்ளி வித்தியாசத்துக்குக்கூட p மதிப்பு 0.05-க்குக் கீழே வந்துவிடும், அதாவது வெறும் தற்செயல் அல்ல என்று புள்ளியியல் சொல்லிவிடும். அந்த இரண்டு புள்ளி ஒருவரின் அன்றாடத்தில் உணரக்கூடியதா என்பது தனிக் கேள்வி. சராசரி 50, திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து சிதறும் அளவு) 10 என்று சீராக்கிய மதிப்பெண்களில் சுமார் 5 புள்ளியை, அதாவது அரைத் திட்ட விலக்கத்தை, தோராயமான எல்லையாகப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். 25 வயதுக்காரர்கள் நிறைந்த குழுவையும் 50 வயதுக்காரர்கள் நிறைந்த குழுவையும் வயதைக் கணக்கில் எடுக்காமல் ஒப்பிடுவதும் வேண்டாம்.

கடைசியாக, வேலைக்கு வராத நாட்களை வைத்து வாழ்க்கைத் தரத்தை ஊகிப்பது. தினக்கூலிக்காரர் காய்ச்சலோடும் போவார், போகாவிட்டால் அன்றைக்குக் கூலி இல்லை. அவருடைய லீவு பூஜ்யம் என்பதற்காக உடம்பு நன்றாக இருக்கிறது என்று எழுத முடியாது. வேலைத்திறன் இழப்புதான் தெரிய வேண்டும் என்றால், கடந்த ஏழு நாட்களைப் பற்றி ஆறே கேள்விகள் கேட்கும் டபிள்யூ.பி.ஏ.ஐ. போன்ற தனிப் படிவத்தை வாழ்க்கைத் தரப் படிவத்தோடு சேர்த்துக் கொடுங்கள். எத்தனை மணி நேரம் போகவில்லை என்பதோடு, போன நேரத்தில் உடல்நிலை வேலையை எவ்வளவு கெடுத்தது என்பதையும் அது 0 முதல் 10 வரை கேட்கும். சம்பள வேலையில் இல்லாதவர் அதில் முதல் கேள்விக்கு 'இல்லை' என்று சொல்லிவிட்டு, அன்றாடச் செயல்கள் பற்றிய கடைசிக் கேள்விக்கு நேராகப் போய்விடலாம்.