ரத்தக்கறைத் துணியை பிளாஸ்டிக் பையில் போடாதீர்கள்

குற்றம் நடந்த ஸ்பாட்டுக்குப் போனதும் விழுந்து கிடப்பவருக்கு உயிர் இருக்கிறதா என்று பாருங்கள், அப்புறம்தான் இடத்தைச் சுற்றித் தடுப்புக் கயிறு. உடலைச் சுற்றி மட்டும் கட்டினால் போதாது, குற்றவாளி வந்த வழி, ஓடிய வழி எல்லாம் உள்ளே அடங்க வேண்டும், நுழைய ஒரே பாதை, நுழைகிறவர் பெயரும் நேரமும் நோட்டில் ஏற வேண்டும், பெரிய அதிகாரியாக இருந்தாலும் சரி (அவர்களைத் தடுப்பதுதான் கஷ்டம்). எதையும் தொடுமுன் போட்டோ, அளவுகோலோடு ஒன்று, இல்லாமல் ஒன்று.

ஈரமான சட்டையை நிழலில் காயவிட்டு, கறை மேல் கறை ஒட்டாமல் இடையில் சுத்தமான தாள் வைத்து மடித்து, காகித உறையில் போடுங்கள். பிளாஸ்டிக்கில் புழுங்கிப் பூஞ்சை பிடித்தால் டிஎன்ஏ கெட்டுவிடும். பொருளுக்கொரு உறை, பொருளுக்கொரு கையுறை.

இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆம் பிரிவுப்படி கைப்பற்றுவதை வீடியோ எடுப்பதும் கட்டாயம். சீல் வைத்த உறை யாரிடமிருந்து யாரிடம் போனது என்ற பதிவு ஓரிடத்தில் விட்டுப்போனாலும் எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் பிடித்துக்கொள்வார்.