சொரோரிட்டி ரஷ் நேரத்துல க்ளாஸை கோட்டை விடாம இருக்க ஒரு டிப்

அமெரிக்கால காலேஜ் சேர்ந்து சொரோரிட்டி (காலேஜ் பொண்ணுங்களோட சங்கம்) ரஷ்க்கு (அதுல புது ஆள் சேர்க்க ரவுண்டு ரவுண்டா நடக்கற செலக்‌ஷன்) பேர் குடுத்திருக்கற பொண்ணுங்களுக்கு இது. மொதல்ல உங்க கேம்பஸ்ல ரஷ் எப்போன்னு பாருங்க, அலபாமா யுனிவர்சிட்டி மாதிரி எடத்துல ஆகஸ்ட்லயே க்ளாஸ் சூடு பிடிக்கறதுக்குள்ள முடிச்சிடுவாங்க, ஆனா நெறைய காலேஜ்ல செமஸ்டர் ஓடிட்டு இருக்கும்போதே சாயங்காலமும் வீக்கெண்டும் வெச்சிடுவாங்க, அங்கதான் நாக்கு தள்ளிடும்.

சிலபஸ் கைக்கு வந்த அன்னைக்கே க்விஸ், லேப் தேதியையும் ரவுண்டு தேதியையும் ஒரே காலண்டர்ல போட்டுடுங்க. எங்கயாவது இடிச்சுதுன்னா உங்க ரோ காமாவுக்கு (ரஷ் முடியற வரைக்கும் தன் சொரோரிட்டிய விட்டு ஒதுங்கி நின்னு உங்களுக்கு வழி சொல்ற சீனியர்) முன்னாடியே மெசேஜ் தட்டிடுங்க, க்ளாஸ்னு சொன்னா பெரும்பாலும் ஒத்துப்பாங்க, சொல்லாம டிமிக்கி குடுத்தாதான் வம்பு.

முதல் ரவுண்டுல ஒவ்வொரு சொரோரிட்டி வீடா ஏறி எறங்கி, அதே பேர் அதே மேஜர்னு திரும்பத் திரும்ப பேசி தொண்டையே கட்டிக்கும், அன்னைக்கு ராத்திரி வந்து படிச்சுக்கலாம்னு மட்டும் கணக்கு போடாதீங்க ப்ளீஸ், காலைலயே முடிச்சிடுங்க. கடைசி ப்ரெஃபரன்ஸ் ரவுண்டுல ரெண்டு மூணு வீடுதான் இருக்கும், அப்போ கொஞ்சம் மூச்சு விடலாம்.

அப்புறம் பிட் (bid, சேர வாங்கன்னு சொரோரிட்டி குடுக்கற அழைப்பு) கெடச்சதோட வேலை முடியல, புது மெம்பர் மீட்டிங்னு வாராவாரம் கூப்பிடுவாங்க, பல சாப்டர்ல (உங்க காலேஜ்ல இருக்கற சொரோரிட்டி கிளை) ஜிபிஏவும் பாப்பாங்க, அதனால அந்த செமஸ்டர்ல கஷ்டமான பேப்பரா அள்ளிப் போட்டுக்காதீங்க.