கட்டிக் காத்தது போதும்: நிர்வாகப் பொறுப்பில் இருக்கும் பெண்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேரளத்தில் பாலக்காடு பக்கம் இருக்கும் கஞ்சிக்கோட்டில் அட்டைப்பெட்டி செய்கிற ஒரு யூனிட்டில் பதினொரு வருடம் இருந்தேன். கடைசி ஐந்து வருடம் ஜெனரல் மேனேஜர். வீடு கொழிஞ்சாம்பாறைப் பக்கம், ஸ்கூட்டரில் போய் வருவேன். வேலையை விட்டு வந்த அன்று சின்னதாக ஒரு விழா வைத்தார்கள். பேசியவர்கள் எல்லாரும் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "கம்பெனிய வீடு மாதிரிப் பார்த்துக்கிட்டாங்க." அப்போது கண் கலங்கியது. ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது. என் காலத்தில் விற்பனை எவ்வளவு கூடியது, எத்தனை புது வாடிக்கையாளர் வந்தார்கள் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

பெண்களின் தலைமைப் பண்பு என்றாலே பொறுமை, பரிவு, அனுசரணை என்று பட்டியல் போடுவார்கள். இவை இருக்கும் தொழில் சிதறாமல் காக்கும், சரி. ஆனால் தொழில் வளர யாருக்கு விற்பது, என்ன விலைக்கு, யாரை வேண்டாம் என்பது என்றெல்லாம் முடிவெடுக்க வேண்டும். நான் செய்த தவறுகளும், சுற்றியிருந்த தோழிகள் செய்த தவறுகளும் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டதால் வந்தவைதான்.

இந்திரா நூயி சொன்ன பால் கதை எல்லாருக்கும் தெரியும். பெப்சிகோவின் தலைவர் பதவி கிடைத்த செய்தியோடு வீட்டுக்கு வந்தவரை, போய்ப் பால் வாங்கி வா என்று அம்மா அனுப்பினாராம். கிரீடத்தை கராஜிலேயே கழற்றி வைத்துவிட்டு வா என்றும் சொன்னாராம். மகளிர் தினக் கூட்டங்களில் இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அவர் சிஇஓ ஆன 2006-ல் அந்த நிறுவனத்தின் ஆண்டு வருவாய் சுமார் 3,500 கோடி டாலர். 2017-ல் சுமார் 6,350 கோடி. இதை எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை. நாமே நம்மைப் பற்றிப் பேசும்போதும் பால் கதையைத்தான் முன்னால் வைக்கிறோம்.

கணக்கை ஆடிட்டரிடமோ முதலாளியிடமோ விட்டுவிடுவது முதல் தவறு. பெரிய தவறும் இதுதான். உற்பத்தி, ஆள், தரம் எல்லாவற்றையும் கையில் வைத்திருப்போம். பணம் என்று வந்தால் மட்டும் "அத முதலாளி பார்த்துக்குவார்." எங்கள் தொழிலில் பெட்டியின் அடக்கவிலையில் பெரும்பங்கு, பெட்டி செய்யும் பழுப்புக் காகிதமான கிராஃப்ட் பேப்பருக்குப் போகும். 2021 தொடக்கத்தில் அந்தப் பேப்பர் விலை மளமளவென்று ஏறியது. எனக்கோ ஆர்டர் குவிந்த சந்தோஷம். மெஷின் ராத்திரியும் ஓடியது. பழைய விலையிலேயே மூன்று மாதம் பெட்டி அடித்துக் கொடுத்த பிறகு கணக்குப் பார்த்தால், எங்கள் பெரிய வாடிக்கையாளருக்குப் போன ஒவ்வொரு பெட்டியிலும் 40 பைசா நட்டம். விற்பனை கூடக் கூட நட்டமும் கூடியிருக்கிறது! விலையை ஏற்றிக் கேட்க எனக்குக் கூச்சம். எத்தனை வருஷப் பழக்கம், எப்படிக் கேட்பது? கடைசியில் கேட்டேன். அவர் பத்து நிமிடத்தில் ஒப்புக்கொண்டார். பேப்பர் விலை அவருக்கும் தெரியும்தானே. நான் எப்போது கேட்பேன் என்றுதான் அவர் காத்திருந்தாரோ என்னவோ.

வர வேண்டிய பாக்கியும் இதே கதைதான். 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டத்தின்படி, உத்யம் என்ற அரசுப் பதிவு வைத்திருக்கும் குறு, சிறு நிறுவனத்துக்குச் சரக்கு வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். எழுத்து ஒப்பந்தம் இல்லை என்றால் 15 நாள். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. 2023-ம் ஆண்டின் நிதிச் சட்டம் இன்னொரு பிடியும் போட்டது. இப்படிப்பட்ட பாக்கியைக் கெடுவுக்குள் கொடுக்காதவர், பணம் கொடுக்கும் வருடம் வரை அதை வருமான வரியில் செலவாகக் காட்ட முடியாது. இதை வைத்து யாரையும் மிரட்டச் சொல்லவில்லை. "உங்க ஆடிட்டர்கிட்ட ஒரு தடவை கேட்டுப் பாருங்க" என்று வருடக் கணக்கு முடிக்கும் மார்ச் மாதத்தில் சொன்னாலே பாதிப் பாக்கி வந்துவிடும்.

அடுத்தது, இடையில் ஆள் வைத்துக் கேட்பது. கேரளத்தில் லாரியில் சரக்கு ஏற்றி இறக்குவது சுமட்டுத் தொழிலாளர் சங்கங்களோடு பேசி முடிக்க வேண்டிய விஷயம். வேலை செய்யாமல் வெறுமனே பார்த்துக்கொண்டு நிற்பதற்கு வாங்கும் நோக்குகூலியை 2018 மே 1 முதல் அரசு நிறுத்தியது. ஆனாலும் கூலி ரேட் பேச்சுவார்த்தை எல்லா யூனிட்டிலும் உண்டு. முதல் இரண்டு வருடம் சூப்பர்வைசரைத்தான் அனுப்பினேன். "நீங்க எதுக்கு சேச்சி வெயில்ல நின்னுட்டு" என்று அவரும் அக்கறையாகத்தான் சொன்னார். அவர் வந்து சொன்ன ரேட்டை நான் நம்பினேன், அவர் போய்ச் சொன்ன பதிலைச் சங்கத்துக்காரர்கள் நம்பினார்கள். இரண்டுமே பாதிதான் உண்மை. மூன்றாம் வருடம் நானே போய் நின்றேன், ரேட் அட்டையை மேசையில் வைத்துப் பேசினோம். அரை மணி நேரத்தில் முடிந்தது.

மூணாறில் 2015 செப்டம்பரில் நடந்ததை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. போனஸ் 10 சதவீதம்தான் என்று அறிவித்ததும் தேயிலை கிள்ளும் பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், ஆயிரக்கணக்கில் சாலையில் உட்கார்ந்தார்கள். நிர்வாகம் எப்போதும் பேசிப் பழகிய சங்கத் தலைவர்களை அவர்கள் பக்கத்திலேயே விடவில்லை. அவர்கள் இயக்கத்துக்குப் பொம்பிளை ஒருமை (பெண்கள் ஒற்றுமை) என்ற பெயரே அப்போது பிறந்ததுதான். ஒன்பது நாளில் போனஸ் 8.33, கருணைத்தொகை 11.67, ஆக 20 சதவீதத்துக்கு ஒப்பந்தமானது. தேயிலைக் காட்டில் அத்தனை தலைவிகள் இருந்தது அதுவரை எந்த நிர்வாகியின் கண்ணிலும் படவில்லை. நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்துவிட்டால் மட்டும் தானாகக் கண்ணில் பட்டுவிடாது. எங்கள் பேக்கிங் பிரிவிலும், ஓணத்துக்கு மட்டும் போனஸ் கொடுத்தால் தீபாவளிக்கு ஊர் போகும் ஆட்கள் கையில் ஒன்றும் இருக்காது என்று எனக்குச் சொன்னது பேக்கிங் பெண் ஒருத்திதான். சூப்பர்வைசர் மூலமாக அது வந்திருக்கவே வந்திருக்காது.

மூன்றாவது, யாரும் கை தூக்காத வேலைக்கு நாம் கை தூக்குவது. ஓணப் பூக்களம், ஆடிட் நாளில் சாப்பாட்டு ஏற்பாடு, சண்டை போட்ட இரண்டு பேரைச் சமாதானம் செய்வது. 2017-ல் அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதையே சோதித்தது. ஆணும் பெண்ணும் கலந்த குழுக்களில், பதவி உயர்வுக்கு உதவாத வேலைக்குப் பெண்கள் ஆண்களைவிட 48 சதவீதம் அதிகமாக முன்வந்தார்கள். பெண்கள் மட்டும், ஆண்கள் மட்டும் என்று குழு பிரித்தபோது அந்த வித்தியாசமே இல்லை. அப்படியானால் இது பிறவிக் குணமில்லை. பெண் இருக்கிறாளே, செய்துவிடுவாள் என்று எல்லாரும் காத்திருக்கிறார்கள், அவளும் உட்பட. நான் பூக்களத்தை முறை போட்டுப் பிரித்துக் கொடுத்த வருடம் அக்கவுண்ட்ஸ் பையன்கள் போட்ட கோலம் கோணலாகத்தான் வந்தது. அதனால் என்ன?

இதற்கு மாற்றாக ஆண் அதிகாரி மாதிரி கத்திக் காட்டுகிறவர்களும் உண்டு. ஒரு மாதம் முயன்று பார்த்தேன். தொண்டை கட்டியது, உற்பத்தி அப்படியேதான் இருந்தது.

நிபந்தனை போடாமல் நொடித்துப்போன நிறுவனத்தின் பொறுப்பை வாங்கிக்கொள்வது இன்னொன்று. சரிந்துகொண்டிருக்கும் இடத்துக்குத்தான் பெண்களைத் தேடி அழைக்கிறார்கள் என்பதை மிஷேல் ரயன், அலெக்ஸ் ஹாஸ்லம் என்ற இரு ஆய்வாளர்கள் 2005-ல் பிரிட்டிஷ் நிறுவனங்களை வைத்துக் காட்டினார்கள். கண்ணாடிப் பாறை விளிம்பு என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். நம் பக்கத்து உதாரணம் இந்தியன் வங்கி. 1996-ல் 1,336 கோடி ரூபாய் நட்டம் காட்டிய வங்கி அது. 2000-ல் ரஞ்சனா குமார் தலைமைக்கு வந்தார், 2001-02-ல் லாபத்துக்குத் திரும்பியது. எல்லாருக்கும் அப்படி அமையாது. அதனால் அழைப்பு வந்ததும் நன்றி சொல்வதற்கு முன் மூன்று கேள்வி கேட்டுவிடுங்கள்: எவ்வளவு பணம் தருவீர்கள், யாரை மாற்ற எனக்கு அதிகாரம், எத்தனை மாதம் அவகாசம். பதில் எழுத்தில் வரட்டும்.

சட்ட விஷயத்தில் ஒன்று மட்டும். பத்து பேர் வேலை செய்தாலே பாலியல் துன்புறுத்தல் புகாருக்கு உள் கமிட்டி வேண்டும் என்கிறது 2013 சட்டம். "மேனேஜரே பெண், கமிட்டி எதுக்கு?" என்று என்னிடமே கேட்டார்கள், நானும் சிரித்துவிட்டு விட்டேன். பிறகு ஒரு புகார் வந்தது, நான் அதிகம் நம்பியிருந்த ஆள் மீதே. அந்தக் கமிட்டியில் வெளியில் இருந்து ஓர் உறுப்பினர் ஏன் வேண்டும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

விட்டு வந்த பிறகும் இரண்டு மாதம் தினமும் போன் வந்தது. "சேச்சி, அந்த ஸ்டார்ச் பசை கட்டிப்பட்டா என்ன பண்ணுவீங்க?" "அந்த ஈரோடு லாரிக்காரர் நம்பர் இருக்கா?" முதல் வாரம் பெருமையாகத்தான் இருந்தது. மூன்றாவது வாரம் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, தலைக்குள் இருந்ததை எல்லாம் எழுத ஆரம்பித்தேன். ஐந்து வருடத்துக்கு முன்பே எழுதியிருக்க வேண்டிய நோட்டு. எழுதி முடித்து, புதிதாக வந்திருந்த பெண்ணிடம் கொடுக்கப் போனேன். வாங்கிப் புரட்டிவிட்டு, "இதுல எந்த வாடிக்கையாளருக்கு எவ்வளவு மார்ஜின்னு இல்லையே அக்கா" என்று கேட்டாள்.