இரட்டைத் தள்ளுவண்டில் வாங்கும் முன்: சிறுபிள்ளைகளோடு வெளிநாடு போகிறவர்களுக்கு

யாழ்ப்பாணத்தில் இரட்டைப்பிள்ளை பெற்ற தாய்க்குத் தள்ளுவண்டில் பெரிதாகத் தேவைப்படாது. ஒரு பிள்ளை ஏணையில் கிடக்கும், மற்றதை அம்மம்மாவோ சித்தியோ தூக்கி வைத்திருப்பார்கள். லண்டனுக்கோ டொரோண்டோவுக்கோ போய் இறங்கியதும் அந்தக் கைகள் இல்லை. கணவர் வேலைக்குப் போன பிறகு கிளினிக், கடை, மூத்த பிள்ளையின் பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் இரண்டு கைக்குழந்தைகளோடு நீங்கள் ஒருவரே வெளிக்கிட வேண்டும். வண்டில் இல்லாமல் குளிர்காலம் முழுக்க ஒரே அறைக்குள் அடைந்து கிடந்த தாய்மாரை நான் அறிவேன். ஆகவே காசு கொஞ்சம் சேரட்டும் என்று இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

லண்டனில் இரட்டையரை வளர்த்துவிட்டு இப்போது கோண்டாவிலில் இருக்கிறேன். பயணத்துக்கு ஆயத்தமாகும் இளம் தாய்மார் வந்து கேட்கும்போது முதலில் சொல்வது, இங்கேயோ கொழும்பிலோ இரட்டை வண்டில் வாங்கிக் கட்டிக்கொண்டு போக வேண்டாம் என்பதைத்தான். நீங்கள் இருக்கப்போகும் வீட்டின் வாசலை அளக்காமல் எந்த வண்டிலும் வாங்கக்கூடாது.

இரட்டை வண்டில்களில் இரண்டு இருக்கைகளும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது ஒரு வகை. முன்னுக்கும் பின்னுக்குமாக, அல்லது ஒன்று மேலே ஒன்று கீழே என்று இருப்பது இன்னொரு வகை. ஒற்றையாக வாங்கி, அடுத்த பிள்ளை பிறந்ததும் இரண்டாவது இருக்கையைப் பூட்டக்கூடியவையும் உண்டு. அவை விலை கூட.

இரட்டையருக்கு என் மனம் பக்கத்துப் பக்கத்து வண்டிலுக்கே சாயும். இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே அளவு இடம், ஒரே அளவு வெளிச்சம். ஒன்று நித்திரை என்றால் அதன் இருக்கையை மட்டும் சாய்க்கலாம். பாரம் இரண்டு பக்கமும் சமமாக இருப்பதால் நடைபாதை விளிம்பில் ஏற்றுவதும் திருப்புவதும் லேசு. குறை அதன் அகலம். இந்த வகை பெரும்பாலும் 63 முதல் 77 சென்டிமீட்டர் வரை வரும். இங்கிலாந்து வீடுகளில் உள்கதவுப் பலகை பல இடங்களில் 76 சென்டிமீட்டர், அதாவது இரண்டரை அடி. கதவு திறந்து நிற்கும்போது அதன் தடிப்பும் பிணைச்சலும் கொஞ்ச இடத்தைப் பிடித்துவிடும், அதனால் உள்ளே போகக் கிடைப்பது அதைவிடக் குறைவு. கதவைத் திறந்து வைத்து, இடுக்கான இடத்தில் அளவு நாடா பிடியுங்கள். பிறகு நடைவழி, லிஃப்ட், கார் டிக்கி. வண்டிலின் அகலம் சில்லோடு சேர்த்து எவ்வளவு என்று கடையில் கேளுங்கள். சில வண்டில்களில் இருக்கையை விடப் பின்சில்லுத்தான் அகலம்.

வீடு கடைக்கு மேலே, லிஃப்ட் இல்லாத மாடியில் என்றால் கணக்கு வேறு. இரட்டை வண்டில் வெறுமையாகவே பெரும்பாலும் 10 கிலோவுக்கு மேல், பெரியவை 15 கிலோவையும் தாண்டும். அதைப் படியில் தூக்கும் நேரம் இரண்டு பிள்ளைகளும் எங்கே இருப்பார்கள் என்று முதலே யோசியுங்கள். கீழே பூட்டி வைக்க இடம் உண்டா என்று வீட்டுக்காரரிடம் கேட்பதில் வெட்கம் வேண்டாம். இடம் இல்லையென்றால் பாரம் குறைந்த, ஒரு கையால் மடிக்கக்கூடிய வண்டில்தான் உங்களுக்கு.

டொரோண்டோ பக்கம் போகிறவர்கள் சில்லைக் கவனியுங்கள். சின்னப் பிளாஸ்டிக் சில்லு பனியில் புதைந்து நின்றுவிடும். காற்றடித்த பெரிய சில்லு நல்லது. ஸ்கார்பரோவில் கார் இல்லாமல் அதிக நாள் இருக்க மாட்டீர்கள் என்பதால், மடித்தால் டிக்கிக்குள் போகுமா என்பதும் முக்கியம்.

லண்டனில் கார் இல்லாதவருக்கு பஸ்தான். சக்கர நாற்காலிக்கான இடத்தில் வண்டிலை நிறுத்தலாம், ஆனால் அங்கே முதல் உரிமை சக்கர நாற்காலியில் வருபவருக்கே. 2012-இல் ஒரு தாய் மடிக்க முடியாது என்று மறுத்ததால் சக்கர நாற்காலிப் பயணி ஒருவர் பஸ்சில் ஏற முடியாமல் போனது. அந்த வழக்கு பிரித்தானிய உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2017-இல் தீர்ப்பு வந்தது: சாரதி ஒரு தரம் கேட்டுவிட்டு விட்டுவிடக்கூடாது, அதற்கு மேலும் முயல வேண்டும். ஆகவே கேட்டால் இடம் விடுங்கள், அது அவருடைய இடம். தனியே போகும்போது இரண்டு பிள்ளைகளையும் இறக்கி வண்டிலை மடிப்பது பெரும்பாடு என்பதால், பள்ளிக்கூட நேரமும் வேலை நேரமும் தவிர்த்துப் புறப்படுங்கள். பாதாள ரயிலில் 272 நிலையங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றில்தான் படியேறாமல் போகலாம். படியில்லாத நிலையங்களைக் காட்டும் தனி வரைபடம் உண்டு, அதைப் பார்த்து வழியைத் தீர்மானியுங்கள்.

பிறந்த குழந்தைகளுக்கு முதல் ஆறு மாதம் மட்டமாகப் படுக்க இடம் வேண்டும். ‘ஆறு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு ஏற்றதல்ல’ என்று இருக்கையில் எழுதியிருந்தால், எவ்வளவு மலிவு என்றாலும் விடுங்கள். காரில் பூட்டும் இருக்கையை வண்டிலில் மாட்டி நாள் முழுக்கப் பிள்ளையை அதிலேயே வைத்திருப்பதும் கூடாது. இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம் என்பதே அங்கே சொல்லப்படும் பொது ஆலோசனை, மாதம் முந்திப் பிறந்தவர்களுக்கு இன்னும் குறைவு. இரட்டையரில் முந்திப் பிறப்பது சாதாரணம்.

வெயிலோ கண்ணூறோ என்று துண்டால் வண்டிலை மூடுவது எங்கள் பழக்கம். தயவுசெய்து வேண்டாம். உள்ளே சூடு விறுவிறென்று ஏறும், காற்றும் போகாது. அதற்கென்று செய்த குடையை மாட்டுங்கள்.

இரண்டு வயதைத் தாண்டிய பிள்ளையும் கைக்குழந்தையும் என்றால் இரட்டை வண்டில் கட்டாயம் இல்லை. ஒற்றை வண்டிலின் பின்னால் பூட்டி மூத்தது ஏறி நிற்கும் சில்லுப் பலகை போதும். ஒன்றரை வயது வித்தியாசம் என்றால் இரட்டையே வாங்குங்கள். அந்த வயதில் நடக்கிற பிள்ளை தெருவில் திடீரென்று குந்திவிடும்.

பாவித்த வண்டிலை வாங்குவதில் ஒரு குறைவும் இல்லை. இங்கிலாந்தில் பல ஊர்களில் இரட்டையர் பெற்றோர் சங்கங்கள் பாவித்த சாமான் விற்பனை வைக்கும், நல்ல வண்டில்கள் பாதி விலைக்கும் குறைவாகப் போகும். வாங்குமுன் இரண்டு தரம் விரித்து மடித்து, பூட்டு விழுகிறதா, பிரேக் சரிவில் பிடிக்கிறதா, இரண்டு இருக்கையிலும் தோள், இடுப்பு, கால் இடுக்கு என ஐந்து இடப் பெல்ட் முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள். பழுது என்று கம்பனி திருப்பி அழைத்த வண்டிலா என்றும் மாதிரி எண்ணை வைத்துத் தேடுங்கள். 2009-இல் அமெரிக்காவில் மக்லாரன் குடைமடிப்பு வண்டில்கள் ஏறத்தாழ பத்து லட்சம் திருப்பி அழைக்கப்பட்டன, பிணைச்சலில் பிள்ளைகளின் விரல் நுனி துண்டிக்கப்பட்டதால். எந்த வண்டில் என்றாலும் விரிக்கும்போதும் மடிக்கும்போதும் பிள்ளைகள் எட்ட நிற்கட்டும். கைபிடியில் சாமான் பைகளைத் தொங்கவிடாதீர்கள். பிள்ளைகளை இறக்கியதும் வண்டில் பின்பக்கம் சாய்ந்துவிடும்.

கனடா போகிறவர்களுக்கு இதோடு ஒன்று. அப்பம்மா ஆசையாக வாங்கித் தரும், பிள்ளை உள்ளே இருந்து காலால் உந்தி ஓடும் சில்லு நடைவண்டியைப் பெட்டியில் வைக்காதீர்கள். பிள்ளைகள் படியில் உருண்டு காயப்பட்டதால் 2004-இலேயே அங்கே அது தடை. கொண்டுவருவதும் பழையதை விற்பதும் சட்டத்துக்கு மாறு.

காசு விஷயம். இங்கிலாந்தில் யூனிவர்சல் கிரெடிட் போன்ற, வருமானம் குறைந்தவர்களுக்கான அரச உதவி பெறும் குடும்பத்துக்கு, முதல் பிள்ளை பிறக்கும்போது 500 பவுண் மகப்பேற்று உதவி உண்டு. ஏற்கெனவே பிள்ளை இருந்தாலும் அடுத்தது இரட்டையர் என்றால் கேட்கலாம். பொதுநிதி, அதாவது இப்படியான அரச உதவி, பெறக்கூடாது என்று விசாவில் எழுதியிருந்தால் விண்ணப்பிக்க வேண்டாம், விசாவுக்கே சிக்கலாகலாம். உரிமை உள்ளவர்கள் பிரசவத் தேதிக்கு 11 கிழமைக்கு முன்பிருந்து, பிள்ளை பிறந்து ஆறு மாதம் வரை படிவம் அனுப்பலாம். படிவத்தில் மிட்வைஃப் அல்லது டொக்டர் கையெழுத்து வேண்டும், அடுத்த கிளினிக்குக்குப் போகும்போதே கையோடு கொண்டுபோங்கள்.