உப்புக்காற்றில் ரவுட்டர்: கமாண்ட் லைனில் எதைப் பார்ப்பது

மண்டபம், பாம்பன் பக்கம் லாட்ஜுகளுக்கும் ஐஸ் கம்பெனிகளுக்கும் நெட் இணைப்பைப் பராமரிப்பது என் வேலை. "நெட்டு ஸ்லோவா இருக்கு தம்பி" என்று போன் வந்தால் நான் முதலில் சொல்வது: ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணாதீர்கள். நான் பயன்படுத்தும் மைக்ரோடிக் என்ற பிராண்டு ரவுட்டரில் லாக் (நடந்தவற்றின் பதிவு) வழக்கமாக மெமரியில்தான் இருக்கும். கரண்டை எடுத்தால் தடயம் முழுக்கப் போய்விடும்.

எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து ரவுட்டருக்குக் கட்டளை கொடுக்கும் வழி) வழியாக உள்ளே போய் 'லாக் பிரின்ட்' கொடுங்கள். (கட்டளைகளை உச்சரிப்புப்படி எழுதுகிறேன், தட்டும்போது ஆங்கிலச் சின்ன எழுத்து.) லிங்க் டவுன், லிங்க் அப் என்று மாறி மாறி வந்திருந்தால் அநேகமாக கேபிள் பக்கம்தான் கோளாறு. அப்புறம் இது:

இன்டர்ஃபேஸ் ஈத்தர்நெட் மானிட்டர் ஈத்தர்1

இதில் லிங்க் ஓடும் வேகத்தைச் சொல்லும் ரேட் வரிதான் முக்கியம். கடலோரத்தில் இதைவிட உபயோகமான வரி எனக்குத் தெரியாது. ஜிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) ஓட கேபிளின் 4 ஜோடிக் கம்பிகளும் வேண்டும். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு 2 ஜோடி போதும். மற்ற 2 ஜோடியில் உப்பு ஒரு பின்னைத் தின்றுவிட்டால் லிங்க் பெரும்பாலும் அறுந்து போகாமல் 100-க்கு இறங்கி நிற்கும். விளக்கு எரியும், வாட்ஸ்அப் போகும், ஆனால் வேகம் இருக்காது. கியூ அழுத்தி வெளியே வந்து 'இன்டர்ஃபேஸ் ஈத்தர்நெட் பிரின்ட் ஸ்டாட்ஸ்' கொடுங்கள். ஆர்எக்ஸ் எஃப்சிஎஸ் எரர் (சிதைந்து வந்து சேர்ந்த தரவு) எண்ணிக்கை சில நிமிடத்தில் ஏறிக்கொண்டே போனால் சந்தேகமே வேண்டாம், பெட்டி இருக்கும் மாடிக்கு ஏறுங்கள்.

பெட்டியைத் திறந்து ஆர்ஜே45 பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும்: பின்களின் ஓரத்தில் பச்சை பூத்திருக்கும். அதைச் சுரண்டாதீர்கள், மேல்பூச்சு போய்விடும். கேபிளை உள்ளே பளிச்சென்ற செம்பு தெரியும்வரை வெட்டி, புதுத் தலை கிரிம்ப் பண்ணுங்கள் (கருவியால் அழுத்திப் பொருத்துங்கள்). ரவுட்டர் பக்கத்து போர்ட்டையும் பாருங்கள்; அதிலும் பச்சை இருந்தால் வேறு போர்ட்டுக்கு மாற்றுவதே நல்லது. கேபிள் பெட்டிக்குள் நுழையுமுன் கீழே ஒரு வளைவு தொங்கட்டும், மழைத் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

மின்னழுத்தமும் சூடும் 'சிஸ்டம் ஹெல்த் பிரின்ட்'டில் வரும். சில சின்ன மாடல்களில் இருக்காது.

தொலைவிலிருந்து செட்டிங் மாற்றும்போது மட்டும் தயவுசெய்து கண்ட்ரோல், எக்ஸ் அழுத்தி சேஃப் மோடில் நுழையுங்கள். தவறான ஃபயர்வால் (யாரை உள்ளே விடுவது என்ற தடுப்பு) விதி உங்களையே வெளியே தள்ளினாலும், இணைப்பு அறுந்தது உறுதியானதும் ரவுட்டர் மாற்றங்களைத் தானே திரும்ப எடுத்துக்கொள்ளும். தனுஷ்கோடி சாலையில் இருக்கும் பெட்டிக்காக ராத்திரியில் வண்டி எடுக்க வேண்டாம். எல்லாம் சரியென்றால் மறுபடி அதே கண்ட்ரோல், எக்ஸ். பிறகு 'எக்ஸ்போர்ட் ஃபைல்=பெயர்' கொடுத்து செட்டிங்குகளை ஃபைலாக எடுத்து, அந்த ஃபைலை ரவுட்டரிலேயே விடாமல் உங்கள் கணினிக்கு இறக்கி வையுங்கள்.