சத்தத்துக்காக ஆர்பிஎம் ஏற்றாதீர்கள்: ரேஸ் எஞ்சினில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிராக்கில் ஓட்ட பைக் எஞ்சின் கட்டப் புதிதாக வருகிறவர்கள், அந்தக் காலத்தில் நாங்கள் சொதப்பிய அதே இடங்களில்தான் சொதப்புகிறார்கள். ஆயில் அளவு பார்க்காதது மாதிரியான விஷயங்களை விட்டுவிடுகிறேன்; அவை யாரும் சொல்லாமலே புரியும்.

லிமிட்டரை மட்டும் ஏற்றுவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரவைக்கும் தவறு இது. எஞ்சின் ஒரு வேகத்தைத் தாண்டாமல் தடுப்பதுதான் லிமிட்டர். லேப்டாப்பைச் செருகி, எஞ்சினை ஆளும் கம்ப்யூட்டரான ஈசியூவில் ஒரு எண்ணை மாற்றினால் போதும், 12,000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) நின்ற எஞ்சின் 13,500 வரை போகும். ஆனால் அந்த எண்ணை அங்கே வைத்தவன் சும்மா வைக்கவில்லை. காற்றும் புகையும் போய்வரும் வழியின் கதவுதான் வால்வு. அதைத் திறப்பது கேம் என்ற சுழலும் மேடு, மூடுவது ஸ்பிரிங். ஆர்பிஎம் 12.5 சதவீதம் கூடினால், வால்வைத் திருப்பி இழுக்கத் தேவைப்படும் விசை ஏறக்குறைய 27 சதவீதம் கூடும். அது இருமடிக் கணக்கு. ஸ்பிரிங் தோற்றுவிட்டால் வால்வு கேமை விட்டு மிதக்கும். மேலே வரும் பிஸ்டன் அதற்காகக் காத்திருக்காது.

ஃபார்முலா ஒன்காரர்களும் இதே இடத்தில்தான் முட்டிக்கொண்டார்கள். 1986இல் ரெனோ, கம்பிச் சுருள் ஸ்பிரிங்கைத் தூக்கிவிட்டு அழுத்தமேற்றிய வாயுவை வைத்து வால்வை மூடியது. அந்த வழி இருந்ததால்தான் 2006இல் காஸ்வர்த்தின் 2.4 லிட்டர் வி8 20,000 ஆர்பிஎம்மைத் தொட்டது. டுகாட்டியோ மூடுவதற்கும் கேமையே வைத்துக்கொண்டது. சாதாரண ஸ்பிரிங்கை வைத்துக்கொண்டு நம் ஆட்கள் லேப்டாப்பிலேயே வேலையை முடிக்கப் பார்க்கிறார்கள்!

அப்படி ஒரு பையன் வந்தான். "மேல போனாத்தான்ணே அந்தச் சத்தம் வருது" என்றான். பவரை அளக்கும் டைனோவில் ஏற்றிப் பார்த்தால் பவர் 11,500இலேயே உச்சம் தொட்டு இறங்கிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் அவனுக்குக் கிடைத்தது சத்தம் மட்டும்தான். சிலிண்டருக்கு மேல் மூடியாக இருக்கும் ஹெட்டைக் கழற்றினோம். பிஸ்டன் தலையில் படிந்திருந்த கரியில், பிறை வடிவில் பளபளவென்று ஒரு தடம். காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வு தட்டிய இடம். லிமிட்டரைக் கீழே இறக்கு, ஸ்பிரிங்கை மாற்று என்று சொல்லி அனுப்பினேன். சரி என்றான், செய்யவில்லை. அடுத்த பிராக்டிஸில் வால்வின் தலை உடைந்து உள்ளே விழுந்தது. பிஸ்டன், ஹெட், சிலிண்டர் மூன்றும் போச்சு.

ஸ்பிரிங், கேம், ஹெட்டில் காற்று போகும் வழியான போர்ட் எல்லாம் அந்த வேகத்துக்கு ஒத்துவந்த பிறகு லேப்டாப்பைத் தொடுங்கள்.

கீழ் கியரில் லிமிட்டர் காப்பாற்றும் என்று நம்புவது

வேகமாகப் போகும்போது கீழ் கியருக்கு இறக்கினால் லிமிட்டர் காப்பாற்றாது. அது ஸ்பார்க்கையோ பெட்ரோலையோதான் நிறுத்தும். பின் சக்கரமே எஞ்சினைச் சுழலவைக்கும்போது அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

சைலன்சரை அறுத்தால் ரேஸ் சத்தம் வரும் என்பது

18,000இல் ஓடும் பத்து சிலிண்டர் வி10இல் விநாடிக்கு 1,500 முறை வெடிக்கிறது. 9,000இல் ஓடும் ஒற்றை சிலிண்டரில் 75. குழாயை அறுத்தால் இரைச்சல் ஏறும், சுருதி ஏறாது. குழாயின் நீளத்தை நம்பி டியூன் செய்த பவரும் போய்விடும்.

குளிர்ந்த எஞ்சினை முறுக்குவது

கூடவே கூடாது. ஃபார்முலா ஒன்னில் ஸ்டார்ட் செய்யும் முன்பே சூடான கூலன்ட்டை ஓடவிட்டு எஞ்சினைச் சூடேற்றுகிறார்கள்.

பழைய ராட் போல்ட்

பிஸ்டனைத் தாங்கும் ராடைக் கிராங்க்கோடு பிணைக்கும் போல்ட் இது. புதுசு போடுங்கள்.